பல் பேஸ்ட் தேய்த்தால் கண்ணாடி விரிசல் ஒட்டுமா?

"விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடியில் பேஸ்ட் தேய்த்து அரை மணி நேரம் விடுங்க, ஒட்டிக்கும்." மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் இந்த வீடியோ சுற்றுகிறது. ஒட்டாது.

விரிசல் பளிச்சென்று தெரியக் காரணம் உள்ளே இருக்கும் காற்று இடைவெளிதான். பேஸ்ட் அதை அடைத்ததும் கோடு மங்கும். வீடியோ அங்கேயே முடிந்துவிடும். செல்லூரில் எங்கள் மாடி ஜன்னலில் நானும் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்ததும் வெள்ளைக் கோடாகப் பல்லிளித்தது. விரிசலோ சட்டம் வரை ஓடிவிட்டது. சித்திரை வெயிலில் கண்ணாடியின் நடுப்பகுதி சூடேறி விரியும், சட்டத்துக்குள் மறைந்த ஓரம் அவ்வளவு சூடாகாது. அந்த இழுப்பில் விரிசல் வளரும். பேஸ்டுக்குப் பதில் நெயில் பாலிஷ் தடவினாலும் இதைத் தாங்காது.

கார் முன்கண்ணாடி விரிசலுக்குப் பிசின் ஊற்றுகிறார்களே என்பீர்கள். அது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டைக் கண்ணாடி. அதிலும் சின்ன அடிக்குத்தான்.

கண்ணாடியை மாற்றும் வரை விரிசலின் இருபுறமும் அகல டேப் ஒட்டி, பிள்ளைகளை அண்டவிடாமல் வையுங்கள். மாற்றும்போது சட்ட அளவைவிட 2, 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டச் சொல்லுங்கள். இறுக்கித் திணித்தால் புதுசும் விரிசல் விடும். டஃபன்டு கண்ணாடியை, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியதை, மட்டும் கடினமாக்கிய பிறகு வெட்டவே முடியாது, நொறுங்கிவிடும்.