பிரிவு பேச உட்காரும்போதே கடனையும் பேசுங்கள்

பாளையங்கோட்டையானாலும் அம்பாசமுத்திரமானாலும் இதே கதைதான். இரண்டு வீட்டாரும் நாலு பெரியவர்களை வைத்துப் பிரிவு பேசுகிறார்கள். பிள்ளை யாரிடம், நகை எத்தனை பவுன், சீர்ச் சாமானை எப்போது எடுப்பது என்று மணிக்கணக்கில் பேச்சு. கடைசியில் "லோனை மாப்பிள்ளை கட்டிருவாரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பின்னால் பெண்ணைக் கோர்ட்டுக்கு இழுப்பது அந்த ஒரு வரிதான்.

அந்தப் பேச்சில் வங்கி உட்காரவில்லையே! வீட்டுக் கடனில் மனைவி சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால், மணவிலக்கு ஆனாலும் முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பு. ஜாமீன் போட்டவருக்கும் அதே நிலைதான் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு. தவணை தவறினால் இரண்டு பேருடைய சிபில் மதிப்பெண்ணும் விழும். கட்டிய பணத்தைக் கணவரிடம் கேட்டு வழக்குப் போடலாம், ஆனால் முதலில் கட்டியாக வேண்டுமே. ஆகவே மணவிலக்கு மனு போடும் முன்பே வங்கிக் கிளைக்குப் போய் மனைவியின் பெயரை நீக்கக் கேளுங்கள். கணவர் வருமானம் மட்டும் போதாது என்றால், அவர் அப்பாவோ அண்ணனோ கடனுக்குள் வரட்டும். பெயர் நீங்கியதற்கு வங்கிக் கடிதம் கையில் வரவேண்டும்.

நகைக்கடன்தான் பெரிய வயிற்றெரிச்சல். மனைவியின் சீதனம் அவருக்கே சொந்தம் என்று 1985-இலேயே பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் அடகு கணவர் பெயரில் இருந்தால் திருப்ப அவர்தான் வரவேண்டும். ஏல நோட்டீசும் அவர் முகவரிக்கே போகும். வள்ளியூரில் தாய்வீட்டில் இருக்கிறவருக்குச் சேதியே எட்டாது. ஏலத்தில் மிஞ்சும் பணமும் கணவருக்கே போகும். ரசீதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம் என்று நம்பி இருக்காதீர்கள். வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்தால் கடன் எண்ணே மாறிவிடும். இப்போதைய ரசீதைக் கேளுங்கள். அதில் "வளையல் 4, மொத்த எடை 33.200 கிராம், நிகர எடை 32.000 கிராம்" என்கிற மாதிரி உருப்படி வாரியாக இருக்கும். அதை அப்படியே பிரிவு ஒப்பந்தத்தில் இறக்குங்கள். "நாலு பவுன் வளையல்" என்று மட்டும் எழுதினால் வேறு வளையல்தான் திரும்பி வரும்.

மாப்பிள்ளையின் தொழிலுக்கு மாமனார் கொடுத்த பணம் இன்னொரு வம்பு. "அது சீராக் குடுத்ததுதான மாமா, கடன்னு எப்பச் சொன்னீய?" என்பார் மாப்பிள்ளை. புரோநோட்டு இருந்தாலும் வழக்குப் போட 3 வருஷம்தான் கெடு. அதற்குள் வட்டியோ அசலில் கொஞ்சமோ கட்டி, பின்பக்கம் தேதியோடு மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து மறுபடி 3 வருஷம். மாமனாரே எழுதிக்கொண்ட வரவு நிற்காது. "சேர்ந்துருவாங்க" என்று காத்திருந்தே கெடுவைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பெயரில் எடுத்த குழு லோனை யாரும் பேசுவதே இல்லை. பணம் கணவரின் ஆட்டோவுக்குப் போயிருக்கும், தவணைக்கு நிற்பது அவள்தான். அதையும் எழுதுங்கள்.

சம்மத மணவிலக்கு மனுவிலேயே கடன் எண், கிளை, இன்றைய பாக்கி, கட்டி முடிக்க வேண்டிய தேதி எல்லாம் வரட்டும். முத்திரைத்தாளில் எழுதியது மட்டும் போதாது. மனு போட்டதிலிருந்து, இருவரும் கோர்ட்டில் மறுபடி சம்மதம் சொல்லும் இரண்டாவது வாக்குமூலத்துக்குப் பொதுவாக 6 மாதம் இருக்கிறது. அதற்குள் நகையைத் திருப்பி, ரசீதில் உள்ள எடையோடு தராசில் வைத்துச் சரிபார்த்து வாங்கிய பிறகே அந்த வாக்குமூலத்துக்குப் போங்கள்.