பைக்குக்கு ஷோரூமிலேயே வரி, மலைக்கு எப்போது?

"ஆயிரம் ரூபாய் கொடுத்தே தமிழ்நாடு திவாலாகிவிட்டது" என்று ஒரு செய்தியை என் அண்ணன் மகன் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டிருந்தான். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அங்கே போட்டால் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும், அதனால் இங்கே.

துண்டு விழுவது உண்மைதான். 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டில் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் என்று அன்றாடச் செலவுக்கே அவ்வளவு கடன். ஆனால் இது ஆயிரம் ரூபாயில் ஆரம்பித்தது இல்லை. 2013-14 முதல் வருடாவருடம் துண்டு விழுகிறது. அந்த ஆயிரம் ரூபாய், அதாவது மகளிர் உரிமைத் தொகை, வந்ததோ 2023 செப்டம்பரில். 2003-லேயே நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் போட்டு, வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிப்போம் என்று எழுதி வைத்தார்கள். முடியாதபோதெல்லாம் சட்டத்தைத் திருத்தி வரம்பைத் தளர்த்தினார்கள், கெடுவைத் தள்ளினார்கள். கொரோனா வருடத்தில் தளர்த்தியது நியாயம், மற்ற வருடங்களுக்கு என்ன சமாதானம்? 2021 ஆகஸ்டில் நம்ம மதுரை மத்தியின் அன்றைய எம்.எல்.ஏ. பழனிவேல் தியாகராஜன் நிதி அமைச்சராக வெள்ளை அறிக்கை வைத்தபோது இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னார். (அவருக்கு முன்பு போடி ஓ.பி.எஸ்., பின்பு திருச்சுழி தங்கம் தென்னரசு. கஜானா சாவி நம்ம பக்கமேதான் சுற்றி வந்திருக்கிறது, அதனால் சென்னைக்காரர்களைத் திட்டவும் வழியில்லை.)

சரி, துண்டை அடைக்கச் சட்டமன்றம் என்ன செய்யலாம்? சட்டம் இல்லாமல் ஒரு பைசா வரி வசூலிக்க முடியாது, அரசியலமைப்பின் 265-வது பிரிவு அது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரும்பாலான பொருள்களுக்கு மாநிலம் தனியாக வரி விகிதம் வைக்கவும் முடியாது. மிச்சம் பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வண்டி, நிலம், இன்னும் சில. டாஸ்மாக்கில் மட்டும் 2024-25-ல் 48,344 கோடி வந்தது. கடையை மூடச் சொல்கிறவர்கள் அந்த இடத்தில் எதை வைப்பது என்றும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக் கையில் இருப்பது கொஞ்சம் என்பதால், எது சுலபமாகச் சிக்குகிறதோ அதையே அமுக்குகிறார்கள். 2023 அக்டோபரில் ஒரு குட்டிக் கூட்டத்தொடரில் வாகன வரித் திருத்த மசோதா நிறைவேறியது. பைக் விலையில் 8 விழுக்காடாக இருந்த ஆயுள் வரி (வாங்கும்போதே ஒரே தடவையில் கட்டுவது), ஒரு லட்சம் வரை 10, அதற்கு மேல் 12 ஆனது. 1,10,000 ரூபாய் வண்டிக்கு 8,800 கட்டியவர் இப்போது 13,200 கட்டுகிறார். காருக்கும் ஏற்றினார்கள், 20 லட்சத்துக்கு மேல் போனால் 20 விழுக்காடு, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாட்டுத்தாவணியில் காய் ஏற்றிப் போகிறவரும், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா கொண்டுவந்து கொடுக்கிற பையனும் பைக்கை ஆடம்பரத்துக்கா வாங்குகிறார்கள்? இந்த வரியில் ஏய்ப்புக்கு இடமே இல்லை. கட்டாமல் வண்டி ஷோரூமை விட்டு வெளியே வராது.

மேலே இருப்பவர்கள் பக்கம் வந்தால் சட்டமே கையைக் கட்டுகிறது. தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு, 1988-ல் அரசியலமைப்பைத் திருத்தி வைத்தது. பள்ளிக்கூட ஆசிரியருக்கும் அதே 2,500, கோடிகளில் சம்பாதிக்கிற டாக்டருக்கும் அதே 2,500. மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். நம்ம எம்.பி.க்கள் இதைக் கேட்டால் நான் மாலை போடுவேன்.

எனக்குச் சொல்ல வேண்டியது மதுரை பக்கத்து மேலூரின் கல்குவாரிகள் பற்றித்தான். கனிமம் இருக்கிற நிலத்துக்கு மாநிலம் வரி போடலாமா என்பது பழைய சண்டை. 1989-ல் இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் தமிழ்நாடு தோற்றது. ராயல்டியும் (கனிமம் எடுப்பதற்காகக் கட்டும் தொகை) ஒரு வரிதான், அதன் மேல் மாநிலம் செஸ் என்று கூடுதல் வரி போடக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 35 வருடம் கழித்து, 2024 ஜூலையில், ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-க்கு 1 என்று அதைத் திருப்பிப் போட்டது. ராயல்டி வரி அல்ல, நிலத்துக்கு வரி போடும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. அந்த டிசம்பரிலேயே, மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வருவதற்கு எதிராகத் தீர்மானம் போட்ட கூட்டத்தொடரில், கனிமவள நில வரிச் சட்டத்தையும் நிறைவேற்றினார்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கல் உடைக்கும் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறியது. வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

இருந்தாலும் இந்தச் சட்டத்தை நான் ஆதரிக்கிறேன். உடைத்த மலை திரும்ப முளைக்காது, விற்றவன் ஊருக்கு ஏதாவது கொடுத்துவிட்டுப் போகட்டும். என் சந்தேகம் வேறு. இது டன் கணக்கில் போடுகிற வரி. டன்னை எடை போடுவது யார்? ஒரே நடைச்சீட்டில் (லாரிக்குத் தரும் அனுமதிச் சீட்டு) எத்தனை லாரி போகிறது? மேலூரை அடுத்த கீழவளவு பக்கம் கிரானைட் குவாரிகளுக்கு அன்றைக்கும் குத்தகை விதி இருந்தது, சீட்டு இருந்தது, ஆபீசர்கள் இருந்தார்கள். அப்படியும் 2012-ல் மதுரை கலெக்டர் சகாயம் அரசுக்கு எழுதிய கடிதத்தில், முறைகேடாகக் கல் வெட்டியதால் ஏற்பட்டதாகக் கணக்கிட்ட இழப்பு 16,338 கோடி. 2025-26-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. அண்ணன் மகனே, இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

நகரத்துக்குள்ளும் இதே கதைதான். 2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள், மதுரையில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு இரண்டு மடங்கு. முனகிக்கொண்டே ஜனங்கள் கட்டினார்கள். அதே மாநகராட்சியில் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டதாக 2025-ல் வழக்கு, கைதுகள், மண்டலத் தலைவர்கள் ராஜினாமா, கடைசியில் மேயரும் ராஜினாமா. வழக்கு என்ன ஆகிறதோ ஆகட்டும். ஒழுங்காகக் கட்டியவன் மனசில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் அடுத்த தடவை துண்டை அடைக்க மசோதா வரும்போது விகிதத்தை ஏற்றுவதோடு நிறுத்தக் கூடாது. பட்ஜெட்டோடு நடுத்தர கால நிதித் திட்டம் ஒன்றைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று அந்த 2003 சட்டமே சொல்கிறது. இன்னொரு திருத்தம் போட்டு, மாவட்டவாரியாக, துறைவாரியாக நிலுவை வரிப் பட்டியலையும் அதோடு வைக்கச் சொல்லலாம். குவாரிக்கு எத்தனை டன் அனுமதி, எத்தனை டன் வெளியே போனது, எவ்வளவு வரி வந்தது, யார் பாக்கி. மேலூர்க்காரர் ஒருவர் போனில் எடுத்துப் பார்த்து, நம்ம ஊர்க் குழியோடு ஒப்பிடுகிற மாதிரி தமிழில் இருக்க வேண்டும். வரி மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் ஓட்டாமல், இரண்டு நாளாவது விவாதிக்க வேண்டும். எதிர்க்கட்சியும் அந்த நேரத்தில் வெளிநடப்பு செய்யாமல் உள்ளே உட்கார்ந்து பாக்கிப் பட்டியலைக் கேட்க வேண்டும்.