விக்டரைக் கெடுத்தது விஞ்ஞானமா?

'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் பற்றிப் பேச்சு வந்தாலே "விஞ்ஞானம் எல்லை மீறினால் இதுதான் கதி" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. 1818-இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் மூல நாவலைப் படித்துப் பாருங்கள். தன் கையாலேயே மனிதனைப் போன்ற ஓர் உயிரைப் படைத்துவிடும் நாயகன் விக்டரைப் பிடித்து ஆட்டுவது ரசவாதம், அதாவது உலோகத்தைப் பொன்னாக்கவும் சாவை வெல்லவும் வழி தேடிய பழைய வித்தை.

பையனுக்கு 13 வயது. மழையில் தோனோன் என்ற ஊருக்குப் பக்கத்து விடுதியில் அடைந்துகிடக்கும்போது, மந்திர வித்தைகளைப் பற்றி எழுதிய கொர்னேலியஸ் அக்ரிப்பாவின் நூல் கையில் சிக்குகிறது. அப்பா முகப்புப் பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து, குப்பை என்று தள்ளிவிடுகிறார். ஏன் குப்பை என்று சொல்வதில்லை. அப்புறம் பாராசெல்சஸ், ஆல்பெர்டஸ் மாக்னஸ் என்று இதே வகைப் பழைய ஆசிரியர்களைத் தேடித் தேடிப் படிக்கிறான். பாராசெல்சஸ் பெயரில் வந்த ஒரு நூலில் மனிதனைச் செய்யவே செய்முறை உண்டு: ஆணின் விந்துவைக் குடுவையில் அடைத்துக் குதிரைச் சாணச் சூட்டில் 40 நாள், பிறகு மனித ரத்தத்தின் சாரம் ஊட்டி 40 வாரம். விக்டரின் ஆசை இந்த ரசவாதிகளின் உலகத்து ஆசை. பிறகு அவன் படித்த இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்து வேதியியல் அதற்குக் கருவி கொடுத்தது, அவ்வளவே.

ஆனால் ரசவாதிகளிடமிருந்து, திகிலும் மர்மமும் கலந்த கோதிக் கதைக்கு வந்த பெரிய சொத்து குடுவையும் உலையும் அல்ல, ரகசியம். தெரிந்ததைப் பூடகமாகவும் குறியீடாகவும் எழுதி மறைத்தவர்கள் அவர்கள். அந்த மூடிமறைப்பு ஒரு வீட்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று மேரிக்கு முன்பே எழுதிப் பார்த்தவர் அவருடைய அப்பா வில்லியம் காட்வின். 1799-இல் வந்த அவருடைய 'செயின்ட் லியோன்' நாவலில், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு நாயகனுக்குப் பொன் செய்யும் வித்தை கிடைக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்று மனைவியிடம்கூடச் சொல்ல முடியாது. மகன் அவமானம் தாங்காமல் விலகிப் போகிறான். மனைவி நொந்து சாகிறாள்.

மகள் அதையே இன்னும் கொடூரமாக எழுதினார். தான் படைத்த உயிர்தான் கொலை செய்தது என்று விக்டர் வாய் திறந்து சொல்லாததால், அந்தக் கொலைப்பழி விழுந்த குற்றமற்ற வேலைக்காரப் பெண் ஜஸ்டின் தூக்கில் தொங்குகிறாள். "கல்யாணத்துக்கு மறுநாள் எல்லாம் சொல்கிறேன்" என்று, தான் மணக்கப்போகும் எலிசபெத்துக்குக் கடிதம் எழுதுகிறான். கல்யாணத்தன்று இரவே அவள் அந்த உயிரின் கையால் கொல்லப்படுகிறாள். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் எனக்கு விக்டர்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

மேரி 1833-இல் அக்ரிப்பாவையே பாத்திரமாக்கி ஒரு சிறுகதையும் எழுதினார். அக்ரிப்பாவின் சீடன் விஷயம் தெரியாமல் சாகாவரம் தரும் அமுதத்தைக் குடித்துவிடுகிறான். மனைவிக்கு வயதாகிறது, அவனுக்கு ஆவதில்லை. ஊர் சந்தேகப்படுகிறது. அவன் பொய்முடி வைத்துக்கொள்கிறான், அவள் கன்னத்துக்குச் சாயம் பூசுகிறாள். இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது? ஃபிராங்கன்ஸ்டைனைப் பாடமாக நடத்துகிறவர்கள் 'செயின்ட் லியோன்', இந்தச் சிறுகதை இரண்டையும் சேர்த்தே மாணவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.