பதினோரு மாசம்தான், அதுக்கென்ன இப்போ?

நேற்று ராத்திரி டிவியில் வி.பி.சிங் பற்றி நடந்த விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். "பதினோரு மாசப் பிரதமருக்கெல்லாம் சென்னையில சிலை" என்று அந்த அறிவாளி சொன்னதும் நாலு பேரும் சிரித்தார்களே, அதைத்தான். நெறியாளருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஏன் பதினொன்றோடு நின்றது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நான் சொல்கிறேன். 1989 டிசம்பர் 2 அன்று பிரதமரான வி.பி.சிங், 1990 ஆகஸ்ட் 7 அன்று மத்திய அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இந்த ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்த மண்டல் கமிஷன் அறிக்கை 1980 டிசம்பரிலேயே தயார். இந்திராவும் தொடவில்லை, ராஜீவும் தொடவில்லை. தொட்டால் சுடும் என்று தெரியும். உத்தரப் பிரதேசத்து மாண்டா ராஜா வீட்டில் வளர்ந்த இவருக்கு மட்டும் தெரியாதா? டெல்லியில் மாணவர்கள் தீக்குளித்தார்கள். செப்டம்பரில் பாஜக தலைவர் அத்வானி அயோத்தி ராமர் கோயிலுக்காக சோம்நாத்தில் ரதம் ஏறினார், அக்டோபரில் பீகாரின் சமஸ்திபூரில் கைதானார். அதோடு பாஜக ஆதரவு வாபஸ். நவம்பர் 7, நம்பிக்கை வாக்கெடுப்பில் தோல்வி. கமுக்கமாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் நாற்காலியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இருக்கவில்லை. அதனால்தான் பதினொன்று.

உடனே வருவார்கள். "துணைப் பிரதமர் தேவிலாலை அடக்கத்தான் மண்டலை எடுத்தார்." இருக்கட்டுமே! ஆகஸ்ட் 1 அன்று தேவிலாலை நீக்கினார், 7 அன்று மண்டல், கணக்கு எனக்கும் தெரியும். கணக்குப் போட்டுச் செய்ததால் 27 சதவீதம் குறைந்துபோச்சா? 1992இல் உச்ச நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது. "பாஜக தயவில்தானே ஆண்டார்?" ஆமாம், 85 எம்.பி.க்கள். இடதுசாரிகளும் வெளியிலிருந்து தாங்கினார்கள், அதை மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

எனக்கு மத்திய அரசு வேலை கிடைத்தபோது அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்தார். மாநில அரசின் பி.சி. சான்றிதழ் செல்லாது, மத்திய அரசு படிவத்தில் ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தையே பார்த்திராத கிளார்க், "இது என்னய்யா புதுசா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். வேலையில் சேர்ந்த முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரம். சீனியர் ஒருவர் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே, "மண்டல் கோட்டாவா? மார்க் எவ்வளவு?" என்றார். என்னோடு சேர்ந்த மற்ற யாரிடமும் மார்க் கேட்கவில்லை. நான் சொன்னேன். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அந்த இரண்டாவது கேள்வி உறுத்துகிறது. நேற்றுச் சிரித்ததும் அதே ஏளனம்தான், ஆள்தான் வேறு.

இதில் அப்பா 1989இல் போட்டது சிங்குக்கு எதிரணியில் நின்ற இரட்டை இலைக்கு! அந்தத் தேர்தலில் சிங் அணியில் இருந்த திமுகவுக்கு ஒரு மக்களவை இடம்கூட இல்லை. ஆனாலும் முரசொலி மாறனை மத்திய அமைச்சராக்கினார் சிங். காவிரி நடுவர் மன்றம் அமைந்ததும் அவர் ஆட்சியில்தான், 1990 ஜூனில். "வடநாட்டுக்காரருக்கு இங்கே என்ன சிலை" என்று கேட்பவர்கள் குறுவைக்குத் தண்ணீரை எதை வைத்துக் கேட்கிறோம் என்று யோசிக்கட்டும்.

1996இல் பிரதமர் பதவியைத் தட்டில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார்கள். வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். இன்றைக்கு வார்டு கவுன்சிலர் சீட்டுக்கே கட்சி மாறுகிறான். 2008 நவம்பர் 27, மும்பையில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத நாளில் செத்துப்போனார் மனுஷன். டிவி முழுக்க தாஜ் ஓட்டல். அவர் சாவு அடியில் ஓடிய ஒரு வரி. மேல்சாதிக்காரர்கள் அவரை மன்னிக்கவில்லை, அது புரிகிறது. நம்மாட்கள்? ஒரு போட்டோ மாட்டியிருக்கிறோமா?

சித்தப்பா மகனுக்கு ரயில்வே வேலை, ஓபிசி கோட்டா. அந்த விவாதத் துண்டை வெட்டி, சிரிக்கிற பொம்மை போட்டு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியிருக்கிறான். "அண்ணே, சும்மா ஜாலிக்கு" என்கிறான். பிளாக் பண்ணியாச்சு. சித்தி காலையிலிருந்து போன் பண்ணிக்கொண்டிருக்கிறார், எடுப்பதாக இல்லை.