பின்னாலேயே சுற்றினால் குற்றமில்லையா?

கல்லூரிக் காதல் படம் ஒன்று பேசப்படும்போதெல்லாம் ஒரு வரி கூடவே சுற்றுகிறது: “ஹீரோ செய்வது குற்றமே இல்லை. பெண்ணைத் தொட்டால்தான் வழக்கு.”

இது தவறு. இந்தியாவில் 2013 முதலே பின்தொடர்தல் தனிக் குற்றம். அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் 354டி பிரிவு; 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78வது பிரிவு. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து பேச முயல்வது இதில் வரும். தொட வேண்டிய அவசியமே இல்லை. அவள் இணையத்தில் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பதும் இதே பிரிவுதான். (பஸ் ஸ்டாப்பில் தினமும் காத்திருக்கும் அந்தப் பாட்டுக் காட்சியை இப்போது நினைத்துப் பாருங்கள்!)

முதல் முறை 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும். மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. முதல் முறை ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும்; மறுபடி என்றால் அப்படிக் கிடைக்காது.

சரி, அப்போ காதலைச் சொல்வதே குற்றமா? இல்லை. ஒருமுறை கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. “வேண்டாம்” என்ற பதிலுக்குப் பிறகும் விடாமல் துரத்துவதுதான் சிக்கல். நம் படங்களில் பாதிக் கதை அங்கேதான் தொடங்குகிறது.