மதியம் ஒரு மணிக்கு பேட்வாட்டரில் என்ன வேலை?

ஒரு வீடியோவை நேற்றிலிருந்து ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டார்கள். ஜூலை மாதம், உச்சி வெயில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள டெத் வேலி தேசியப் பூங்காவின் பேட்வாட்டர் உப்புத் தரை. வெயிலில் வேகுமா என்று பார்க்க அப்பா முட்டையைத் தரையில் உடைத்து ஊற்றுகிறார், அம்மா படம் பிடிக்கிறார், ரப்பர் செருப்பு போட்ட அந்தச் சின்னப் பிள்ளை காலை மாற்றி மாற்றி வைக்கிறது. "இந்த நேரத்தில் பிள்ளையை அங்கே இறக்காதீர்கள்" என்று கீழே இரண்டு வரி எழுதினேன். "வயிற்றெரிச்சல்" என்று பதில் வந்தது. அந்தச் சொல் வலித்தது. அதனால் இரண்டு வரியை விரித்தே சொல்லிவிடுகிறேன்.

டெத் வேலியில் எதைப் பார்ப்பது என்பது பிறகு. எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதுதான் முதலில். கோடையில் பள்ளத்தாக்கின் தாழ்வான பகுதிகளில் காலை பத்து மணிக்கு மேல் நடக்காதீர்கள் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது. பத்து மணிக்கு மேல் வேண்டாம் என்றால் ஒரு மணிக்கும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்!

பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம். இரண்டு பக்கமும் மலைச் சுவர். சூடான காற்று மேலே எழும்பி, கொஞ்சம் ஆறி, வெளியேற வழியில்லாமல் மறுபடி பள்ளத்துக்குள் இறங்கும். இறங்கும்போது அழுத்தத்தில் இன்னும் சூடாகும். பக்கத்திலிருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில்தான் 1913 ஜூலை 10-ல் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. இது காற்றின் சூடு. அதே ஊரில் 1972 ஜூலையில் தரையின் சூடு 201 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 94 டிகிரி செல்சியஸ். அந்தப் பிள்ளையின் செருப்பு இருந்தது காற்றில் அல்ல, தரையில்.

"வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று கேட்பீர்கள். வேலூரில் வியர்த்தால் சட்டை நனையும், உடம்பு சொல்லிவிடும். இங்கே காற்று அவ்வளவு வறட்சி. வியர்வை கண்ணில் படுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டே உடம்பு வற்றும். வேலூரில் நாலடி தள்ளி ஒரு வேப்பமரமோ டீக்கடையோ இருக்கும். பேட்வாட்டர் உப்பில் ஒரு புல் கிடையாது. வெள்ளை வெளேர் என்ற உப்பைத் தேடி ஒரு மைல் உள்ளே போகிறவர்கள், அதே ஒரு மைல் திரும்பி நடக்க வேண்டும் என்பதைப் பாதி வழியில்தான் நினைக்கிறார்கள். 

"அவர்கள் பத்திரமாகத்தானே திரும்பினார்கள்?" திரும்பினார்கள், சந்தோஷம். 2024 ஜூலையில் அதே பேட்வாட்டர் வழியாகப் போன பைக் குழுவில் ஒருவர் திரும்பவில்லை. அதே மாதம் அதே பூங்காவின் மெஸ்கீட் மணல்மேட்டில் பெல்ஜியத்திலிருந்து வந்தவர் ஒருவருக்குச் செருப்பு கழன்றோ அறுந்தோ போய்ப் பாதங்களில் ஆழமான தீக்காயம். ஹெலிகாப்டர் அங்கே இறங்க முடியவில்லை. சூடான காற்று அடர்த்தி குறைந்தது, விசிறிக்குத் தூக்குவிசை கிடைக்காது. அவரை ஆம்புலன்ஸில் உயரமான இடத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்துதான் ஏற்றினார்கள். நீங்கள் மயங்கி விழுகிற நேரத்தில் மேலேயிருந்து உதவியும் வராது.

"பிள்ளைகளுக்குக் கோடையில்தான் லீவு" என்பது நியாயம். நவம்பரிலிருந்து மார்ச் வரை போவது உத்தமம், ஆனால் எல்லோருக்கும் முடியாது. அப்படியானால் ஜூலையிலேயே போங்கள், மணியை மட்டும் மாற்றுங்கள். லாஸ் வேகஸிலிருந்து அதிகாலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். பஹ்ரம்ப் ஊரில் டேங்கை நிரப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு டெத் வேலி ஜங்ஷனில் பெட்ரோல் கிடைக்காது, பூங்காவுக்குள் கிடைக்கும், ஆனால் விலை கூட. சூரியன் எழும்போது ஜப்ரிஸ்கி பாயிண்ட் என்ற காட்சி மேட்டில் நில்லுங்கள். மஞ்சள் மேடுகள் ஒவ்வொன்றாக விழித்தெழுவதை இருபது நிமிடம் பார்த்தால் போதும். ஏழு மணிக்குள் பேட்வாட்டர். அப்போதே நன்றாகச் சுடும், அதனால் மரப்பாதையும் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரமும் போதும். ஷூ கட்டாயம். திரும்பும்போது ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ்: ஒன்பது மைல் ஒருவழிப் பாதை, தெற்கே நுழைந்து வடக்கே வெளியேறுவது, காரைவிட்டு அதிகம் இறங்கத் தேவையில்லை. ஒன்பதரைக்கு ஃபர்னஸ் கிரீக் தகவல் மையத்தில் ஏசியில் உட்காருங்கள். பிறகு வேகஸ் திரும்பும் வழியிலேயே பிரிகிற சாலையில் டான்டேஸ் வியூ என்ற மலைக் காட்சிமுனை. உயரம் 1,669 மீட்டர். ஆயிரம் அடி, அதாவது சுமார் 300 மீட்டர், ஏறினால் மூன்று முதல் ஐந்து டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடு குறையும், கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நின்ற அதே உப்பு கீழே வெள்ளைக் கோடாகத் தெரியும். மதியத்துக்கான இடம் இது. மணல்மேடு வேண்டாம், அது எதிர்த்திசை. இன்னொரு பயணத்துக்கு வையுங்கள்.

டான்டேஸ் வியூ ஏற்றத்தில் கார் சூட்டு முள் ஏறினால் ஏசியை அணையுங்கள். இன்னும் ஏறினால் ஹீட்டரைப் போடுங்கள். எஞ்சின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்களுக்குக் கஷ்டம்தான், எஞ்சின் பிழைக்கும். டயர் காற்றை ஓட்டுநர் கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காலையில், டயர் ஆறியிருக்கும்போதே பாருங்கள். காற்று குறைந்த டயர்தான் சூட்டில் வெடிக்கும். சூடான பிறகு அளவு கூடிவிட்டதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள். வாடகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது, எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து பாருங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளுக்கு நாலு லிட்டருக்குக் குறையக் கூடாது, உப்புள்ள தின்பண்டமும் வேண்டும். பெரும்பாலான இடங்களில் சிக்னல் இல்லை, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். கார் நின்றுபோனால் காரைவிட்டுப் போகவே கூடாது. 1996 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த நாலு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள், வாடகை வேனைக் கரடுமுரடான பாதையில் விட்டுவிட்டு நடந்தார்கள். எலும்புகள் கிடைத்தது 2009-ல். பதின்மூன்று வருஷம்.

முட்டைக்கு வருகிறேன். அது வேகாது. தரையில் ஊற்றியதும் அந்த இடம் ஆறிவிடும், மண் சூட்டைத் திரும்பக் கடத்த நேரம் எடுக்கும். 2013-லேயே இந்த மோகம் கிளம்பி, உடைந்த முட்டையும் ஓடுமாகக் கிடந்ததைக் கூட்டி அள்ளிய பூங்காக்காரர்கள் "தயவுசெய்து தரையில் முட்டை பொரிக்காதீர்கள்" என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்கள். மறுபடி அதையே செய்திருக்கிறோம்.

இன்னொன்றும் எனக்கு ஆறவில்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான டிம்பிஷா ஷோஷோனி மக்கள் இன்றும் ஃபர்னஸ் கிரீக்கில் குடியிருக்கிறார்கள். 'மரணப் பள்ளத்தாக்கு' என்பது 1849-ல் வழிதவறி வந்த தங்கவேட்டைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெயர். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. அவர்களுக்கு இது வாழும் இடம். பூர்வீக நிலத்தில் ஒரு பகுதி சட்டப்படி அவர்கள் கைக்குத் திரும்பியதே 2000-ல்தான். கோடையில் உயரமான மலைப்பக்கம் ஏறுவதும் குளிரில் கீழே இறங்குவதுமாகத்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பிழைத்தார்கள். அந்த ஊரில் பிறந்தவர்களே ஜூலை மதியத்தில் கீழே இருப்பதைத் தவிர்த்தார்கள்.

வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை மீதும் பெற்றோர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அதைப் பகிர்ந்த நீங்கள் எல்லோரும் கீழே ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்: "போவதென்றால் காலை ஏழு மணிக்குள், ஷூ போட்டுக்கொண்டு."