சின்னதாக ஒரு வெட்டுக்கத்தி போதும்

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், நண்பர் யாராவது ஒரு ஆன்லைன் லிங்க்கை அனுப்பி "இதை வாங்கலாமா?" என்று கேட்பார். கோடாரி, சுத்தியல், குறடு, ஸ்க்ரூடிரைவர், பாட்டில் ஓப்பனர் எல்லாம் ஒரே கருவியில். கேம்பிங், தோட்டம், புயல் எதற்கும் ஆகும் என்று போட்டிருப்பார்கள்.

வாங்காதீர்கள். குறடாக விரிய வேண்டும் என்பதற்காகப் பிடியையே இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறார்கள். ஓங்கி வெட்டினால் அதிர்வு முழுக்க நடுவில் உள்ள ஒற்றை ஆணியில் இறங்கும், அப்புறம் உங்கள் மணிக்கட்டில். தலைப்பக்கம் பாரமும் கிடையாது. பாட்டில் திறக்கலாம்.

முதலில், எதை வெட்டப்போகிறோம்? நல்ல கைக்கோடாரி அருமையான கருவிதான். ஆனால் அது குளிர்நாட்டுக்காரர் விறகு பிளப்பதற்குப் பிறந்தது. சென்னையில் நமக்கு வாய்ப்பது தென்னை மட்டை, காற்றில் முறிந்த பெருங்கொன்றைக் கிளை, திருப்போரூர், மதுராந்தகம் பக்கம் வாங்கிப்போட்ட மனையை மூடிக்கொண்டிருக்கும் சீமைக்கருவேலம். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த மறுநாள் காலை ஞாபகமிருக்கிறதா? தெருவெல்லாம் மரம். கிளையைக் கழித்து வழி விட, பல வீடுகளில் இருந்தது தேங்காய் உடைக்கும் கத்தி மட்டும்தான். (மின்கம்பி மேல் சாய்ந்த கிளையில் மட்டும் யாரும் கை வைக்காதீர்கள். மின்வாரிய ஆட்கள் வரட்டும்.)

தென்னை மட்டை முழுக்க நார். கோடாரியின் தடித்த வாய் அதை நசுக்கும், கத்தியின் மெல்லிய வாய் சீவிக்கொண்டு போகும். தெருமுனை இளநீர்க்காரர் கையைக் கவனித்துப் பாருங்கள், தோளே அசையாது. அலகின் முன்பாரம்தான் வேலை செய்கிறது.

அதனால் என் ஓட்டு பட்டறையில் அடித்த சிறிய வெட்டுக்கத்திக்கு. அலகு 8 அங்குலம், முதுகு 5 மில்லிமீட்டர் கனம், மொத்த எடை 600, 700 கிராம். நுனியில் லேசாக வளைந்த மூக்கு இருக்கட்டும். முள்கிளையைக் கை படாமல் இழுக்கவும், தரையோடு வெட்டும்போது கூர் மண்ணில் படாமல் காக்கவும் அதுதான் உதவும். மூக்கு ரொம்ப வளைந்திருந்தால் விறகு பிளக்க முடியாது, உறையிலும் போகாது. பிடியின் அடி கொஞ்சம் பருத்திருக்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் பிடி ஆபத்து.

இரும்பு விஷயத்தில் லாரி பட்டையை, அதாவது லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் வில் பட்டையை, மிஞ்ச ஒன்றுமில்லை. அது ஸ்பிரிங் எஃகு, கரிமம் அரை சதவீதம் அளவில் இருக்கும், தோய்ச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) நன்றாக ஏறும். மலிவு விலை ஸ்டெயின்லெஸ் கத்தி துருப்பிடிக்காதுதான், ஆனால் கருவேலத்தில் நாலு வெட்டு போட்டால் கூர் மடிந்துவிடும். சாலையோரம் வடநாட்டுக்காரர்கள் கண்ணெதிரே அடித்துத் தருவதும் மோசமில்லை, எந்த இரும்பு என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு அரத்தை வாயில் உரசிப் பாருங்கள். கண்ணாடியில் உரசுவதுபோல வழுக்கினால் தோய்ச்சல் அதிகம், வாய் தெறிக்கும். சுலபமாக அராவிக்கொண்டு போனால் தோய்ச்சல் ஏறாத பச்சை இரும்பு. லேசாகக் கடிக்க வேண்டும்.

மணிக்கட்டை விடப் பருத்த கிளைக்கு எந்தக் கத்தியும் வேண்டாம், ஒரு மடக்கு ரம்பம் வாங்கி வையுங்கள். இரண்டும் சேர்ந்தால் அந்தப் பத்து வேலைக் கருவியைவிட உருப்படி.

சட்டம்? அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை விலக்கு. கறுப்புச் சாயம் பூசி, பின்முதுகில் பல் வைத்த 'கமாண்டோ' கத்தியை விவசாயத்துக்கு என்று சொன்னால் எந்தக் காவலரும் நம்பமாட்டார். 2021-இல் காவல்துறை கேட்டுக்கொண்டதிலிருந்து பட்டறைகளில் பெயர், முகவரி எழுதிக்கொள்வதும் உண்டு. கோபப்படாமல் கொடுத்துவிடுங்கள். கொண்டுபோகும்போது சாக்கில் சுற்றி வண்டியின் டிக்கியில் வையுங்கள், இடுப்பில் செருகி ஹீரோ ஆக வேண்டாம்.

டிரெக்கிங்குக்கு? தேவையே இல்லை. 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதில் கத்தியும் அடக்கம். சரணாலயத்துக்குள் அனுமதியின்றிக் கொண்டுபோக முடியாது.

கடைசியாக உறை. கடற்காற்று அடிக்கிற ஊரில் தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கத்தி உள்ளேயே துருவேறும். பிவிசி பைப்பைச் சூடாக்கித் தட்டையாக்கினால் கச்சிதமான உறை. எடுத்து வைக்கும்முன் துடைத்து தையல் மிஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துவிடும்.